பாலாறு, சனிக்கிழமை பத்தரை மணி

இரவெல்லாம் பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில்
நான்காம் எண் கூண்டில் உட்கார்ந்துவிட்டு
வெயிலோடு வீடு வந்து படுக்கிறவனுக்குச்
சனிக்கிழமை காலை பத்தரை என்பது நடுநிசி.

அந்த நடுநிசியில்தான் என் மகளுக்கு நாடக வகுப்பு.

விரிஞ்சிபுரத்தில் ஒரே அறை,
வாடகை மூவாயிரத்து இருநூறு, கரண்ட் தனி.
சுவரை ஒட்டி, பாயில் நான்.
எனக்கும் பீரோவுக்கும் நடுவே
தரையோடு நான்கின் அகலம் அவள் மேடை.
பருப்பு டப்பாமேல் உளுந்து டப்பா,
அதில் சாய்ந்து நிற்கிறது என் போன்.
கீறல் விழுந்த கண்ணாடிக்குள் கட்டம் கட்டமாய் வீடுகள்:
மேல்விஷாரத்து நபீஹா, முதுகுக்குப் பின்னால்
கூரைவரை ஷூ அட்டைப்பெட்டிகள்;
காட்பாடி தருணேஷ், ரயில் போய் முடியும்வரை
வாய் மட்டும் அசையும்;
ஒரு நாற்காலிக்கு அடித்துக்கொள்ளும்
குடியாத்தத்து இரட்டையர்.
டெல்பின் அக்கா தலைகூட வாராமல் வந்துவிடுகிறாள்.

"எல்லாரும் கத்துங்க" என்கிறாள்.
போன் டப்பாவிலிருந்து சரிகிற அளவு கத்துகிறார்கள்.
ஹேமஸ்ரீ மட்டும் வாயைப் பிளந்து
கழுத்து நரம்பு புடைக்க, கண் பிதுங்க,
ஒரு பொட்டுச் சத்தமில்லாமல் கத்துகிறாள்.
"மைக் ஆன் பண்ணும்மா."
"ஆன்லதான்க்கா இருக்கு. அப்பா தூங்குறாரு."

அப்பா தூங்கவில்லை.
எழுந்து உட்கார்ந்து, கத்திக்கோ என்று சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.
தூங்குவதுபோல் கிடப்பதும் லேசில் வராது.
இமை ஆடக்கூடாது.
மூச்சை அளந்து விட வேண்டும்.

"இப்ப எல்லாரும் ஆறு" என்றாள் அக்கா.
கைகள் நெளிந்தன, இடுப்புகள் வளைந்தன,
இரட்டையரில் ஒருத்தி சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றி
அம்மாவிடம் அறை வாங்கினாள்.
ஹேமஸ்ரீ தரையில் நீட்டிப் படுத்தாள்.
அசையவே இல்லை.

"ஹேமா? நெட் நின்னுடுச்சா?"
உதடு பிரியாமல் பதில் வந்தது:
"இல்லக்கா. பாலாறு."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
"சரி, தண்ணி எங்க?"
"அடியில இருக்குக்கா. தோண்டணும்."

அவ்வளவுதான்.
நபீஹா கரண்டியோடு வந்து தோண்டத் தொடங்கினாள்.
தருணேஷ் மணல் லாரி ஆனான்,
ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் உட்பட.
அவன் போனதும் இன்னொரு லாரி, அதன்பின் இன்னொன்று;
ஆறு அப்படியே கிடந்தது,
வயிறு மட்டும் மெல்ல ஏறி இறங்க.

எனக்குச் சிரிப்பு முட்டியது.
அதைக் குறட்டையாக்கிவிட்டேன்.
"அது என்ன சத்தம்?" என்றாள் அக்கா.
ஆறு கண்ணைத் திறக்காமல் சொன்னது:
"பின்னாடி மலைக்கா. மரம் இல்லாத மலை."

அன்று முழுக்க எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒரு கார்த்திகையில் நிஜமாகவே தண்ணீர் வந்தது.
அவளைத் தோளில் வைத்துக்கொண்டு போய்க் காட்டினேன்.
கரையெல்லாம் ஜனம், கையெல்லாம் போன்.
செம்மண் நிறத்தில் உறுமிக்கொண்டு போனதைப் பார்த்து
"இது யாருப்பா?" என்று கேட்டாள்.

ராத்திரி மூன்று மணி. நான்காம் எண் கூண்டு.
தார்ப்பாய் இழுத்துக் கட்டிய லாரி ஒன்று வந்து நின்றது.
பின்கதவு இடுக்கில் ஈரம் சொட்டுகிறது.
மழை பெய்து நாற்பது நாளாகிறது.
ஃபாஸ்டாக் ஒருமுறை பீப் என்றது.
தடுப்புக் கட்டை சலாம் போடுவதுபோல் உயர்ந்தது.

என் வாய் தானாகப் பிளந்துகொண்டது.
கழுத்து நரம்பு புடைப்பது எனக்கே தெரிந்தது.

மேலிருந்து எட்டிப் பார்த்த டிரைவர்
கொட்டாவி என்று நினைத்து
தானும் ஒரு கொட்டாவி விட்டுக்
கியரை மாற்றினான்.